ஏழாம் ஆணி

புதன்கிழமை காலை சீதா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலை மாட்டி முடித்து மறுகாலைத் தூக்கியதும் பெஞ்சு எப்போதும்போல டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. லயத்து வரிசை வீடுகளின் வாசல் சரிவு. பள்ளத்துப் பக்கக் கால் இரண்டு விரல் அளவுக்குக் குட்டை. பெஞ்சைச் செய்தவன் அவள் புருஷன் கந்தசாமி. செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

"ஊருக்கெல்லாம் மேச நாக்காலி பண்ற ஆளு. பொண்டாட்டி குந்துற பெஞ்சுக்கு ஒரு காலு வெக்க நேரமில்ல."

"சனிக்கெழம பாக்குறேன்லா."

"எந்த வருசத்து சனிக்கெழம?"

அவன் சிரித்துக்கொண்டே ஃபேக்டரிக்குப் போகும் படிகளில் இறங்கினான். முதுகுக்குப் பின்னால் பெஞ்சு இன்னொரு முறை டக்கென்றது. அவள் எழுந்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

அது எழுபத்தைந்தாம் வருடம், பிப்ரவரி மாதம். ஈப்போவுக்குக் கிழக்கே மலையில், கோலா தெர்லா போகும் ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் தேயிலை எஸ்டேட் அது. கந்தசாமிக்கு ஃபேக்டரியில் அடுப்படி வேலை. தேயிலையை உலர்த்தும் டிரையருக்குச் சூடு கொடுக்கும் பெரிய அடுப்புக்கு விறகு பிளந்து போட வேண்டும். எஸ்டேட் கொடுத்திருந்த கோடாலியின் வாய் பெயர்ந்துபோனதால், திங்கட்கிழமை காலையில் சங்கத்துக் கோடாலியை எடுத்து வந்திருந்தான்.

சங்கம் என்றால் தச்சுச் சங்கம். பழைய வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறும்போது தன்னுடைய கருவிப் பெட்டிகளை எஸ்டேட்டுக்கே விட்டுவிட்டுப் போனார். நல்ல எஃகு. இழைப்புளி நான்கு, உளி பதினொன்று, ரம்பங்கள், துறப்பணம், வாச்சி, கோடாலி. அதை வைத்து மரவேலையில் ஆசையுள்ள ஒன்பது பேர் சேர்ந்து ஆரம்பித்ததுதான் சங்கம். ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த பழைய ஸ்டோரில் சனிக்கிழமை மத்தியானம் கூடுவார்கள். ஒருவன் தொட்டில் செய்வான், ஒருவன் சாமி மாடம் செய்வான், ஒருவன் ஒன்றுமே செய்யாமல் உளியைத் தீட்டித் தீட்டி முன்கை மயிரை மழித்துக் காட்டிக்கொண்டிருப்பான். மிஷின் எதுவும் கிடையாது, யாருக்கும் அது வேண்டியும் இருக்கவில்லை.

கருவிகள் எல்லாம் சுவரில் ஆணிகளில் தொங்கும். ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் எண். உறுப்பினர் ஒவ்வொருவரும் தேயிலை வேர்க்கட்டையில் ஒரு வில்லை அறுத்து, அதில் தன் பெயரைச் செதுக்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரே வில்லை. கருவியை எடுத்தால் அந்த ஆணியில் வில்லையை மாட்ட வேண்டும். கருவியைத் திருப்பி மாட்டினாலும் வில்லையை உடனே எடுத்துவிட முடியாது. சனிக்கிழமை எல்லார் முன்னாலும் கருவி நல்லபடியாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் எடுக்கலாம். இடையில் வேறொருவனுக்கு அதே கருவி தேவைப்பட்டால், முதல் ஆளின் வில்லைக்கு மேலே தன் வில்லையை மாட்டிவிட்டு எடுத்துப்போகலாம். யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

திங்கட்கிழமை காலையில் கோடாலி தொங்கிய ஏழாம் ஆணியில் ஒரு வில்லை ஏற்கெனவே இருந்தது. வீரப்பன் என்று செதுக்கியது. அவர் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதும் இரண்டாவது கிராணி, சங்கத்துக்குக் கருவிக் காப்பாளர். கந்தசாமி அதற்கு மேல் தன் வில்லையை மாட்டினான். கோடாலியைத் தலைகீழாகப் பிடித்து, பிடியின் அடியைக் கல்லில் மூன்று தரம் குத்தினான். எடுக்கிறவன் அப்படிக் குத்திப் பார்ப்பதும் சங்கத்து வழக்கம். தலை அசையவில்லை. ஆணி அறைந்ததுபோல இருந்தது.

புதன்கிழமை பத்து மணிக்குக் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு, சீதா தூக்குப்போணியில் தேத்தண்ணியோடு அடுப்படிக்கு வந்தாள். தினமும் வருவதுதான். வெட்டுக்கட்டைக்கு நேர் எதிரே உள்ள படியில் நின்றாள்.

"இரு. இந்த ஒரு கட்டையோட வந்துர்றேன்."

கோடாலியை ஓங்கி இறக்கினான். பாதி வழியிலேயே கையில் பாரம் இல்லாமல் போய்விட்டது. வெறும் பிடிதான் கட்டையில் பட்டது. போணி படியில் உருண்டு வந்து அவன் காலில் முட்டி நின்றது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லோரியில் பாதி வழிக்குமேல் அவன் மடியிலிருந்த சீதாவின் தலைக்கு வைத்தியம் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம், அவள் உடலைத் திரும்பக் கொண்டுவர வேண்டிய காகிதங்களுக்காக எல்லாரும் காத்திருந்தபோது, கந்தசாமி மட்டும் பழைய ஸ்டோருக்குப் போனான். எதற்குப் போனான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஏழாம் ஆணிக்கு முன்னால் போய் நின்றான்.

ஆணியில் ஒரே ஒரு வில்லை தொங்கியது. அவனுடையது.

வெள்ளிக்கிழமை ஆபீசில் விசாரணை வைத்தார்கள். போலீஸ் ஏற்கெனவே வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போயிருந்தது. மேனேஜர் துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிராணி வீரப்பன் வெள்ளைச் சட்டையில், கையில் சங்கத்து விதிப் புத்தகத்தோடு நின்றார்.

"கோடாலிய நான் போன மாசம் பாத்தது துரை. நல்லாத்தான் இருந்துச்சு."

"சனிக்கெழமைக்கு அப்புறம் எடுத்திருக்கீங்க கிராணி. ஒங்க வில்ல ஆணியில இருந்திச்சு. அதுக்கு மேலதான் நான் மாட்டுனேன்."

"என் வில்ல இந்தா, சட்டப் பையிலயே இருக்கு." எடுத்துக் காட்டினார். "பாவம், அவன் மனசு சரியில்ல துரை. பொண்டாட்டிய பறிகொடுத்தவன் என்னா வேணும்னாலும் பேசுவான். நாம பெரிசா எடுத்துக்கக்கூடாது."

யாரோ பின்னாலிருந்து, முந்தின நாள் அவன் சம்சு சாராயம் குடித்திருந்தான் என்றார்கள். குடித்திருக்கவில்லை. ஆனாலும் கவனக்குறைவு என்று எழுதி, அவனை அடுப்படியிலிருந்து எடுத்து செடிகளுக்கு மருந்தடிக்கும் கேங்கில் போட்டார்கள். வெளியே வரும்போது வீரப்பன் அவன் தோளில் கைவைத்து, "மனச தேத்திக்க," என்றார். கந்தசாமி அவர் சட்டைப் பையையே பார்த்தான்.

கோடாலித் தலையையும் பிடியையும் போலீஸ் திருப்பிக் கொடுத்தபோது அவன்தான் வாங்கிக்கொண்டான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பிடியின் நுனியைப் பார்த்தான். படிக்கத் தெரிந்தவன் கடிதத்தைப் பார்ப்பதுபோலத்தான். இரும்பின் ஓட்டைக்குள் இருந்த பாகம் சுற்றிலும் நசுங்கி, ஓட்டையைவிட ஒரு நூல் மெலிந்திருந்தது. துரு தண்ணீரில் கரைந்து மர நரம்புகளுக்குள் ஒரு அங்குலம் ஏறிக் கறுத்திருந்தது. ஆப்பு பழைய ஆப்பு. பல காலமாக யாரும் மாற்றவில்லை.

மரவேலை தெரிந்தவனுக்கு இதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். தலை ஆடும் கோடாலிக்குப் புது ஆப்பு சீவி அடிக்க வேண்டும். அதைச் செய்யத் தெரியாதவன் அல்லது செய்யச் சோம்பியவன், கோடாலியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போடுவான். மரம் உப்பி இரும்பைக் கவ்விக்கொள்ளும். குத்திப் பார்த்தால் அசையாது. எப்போதும் பனியும் தூறலுமாக இருக்கும் இந்த மலையில் ஈரம் காயாமல் வாரக்கணக்கில்கூடப் பிடித்து நிற்கும். அதை இரண்டு நாள் அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் சாத்திவைத்தால் மரம் காய்ந்து முன்னைவிடச் சுருங்கிவிடும். சங்கத்து விதிகளில் நான்காவது அது: கருவியை ஊறப்போடக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விதிகளை எழுந்து நின்று வாசிக்கிறவர் வீரப்பன்தான்.

இன்னொன்றும் கந்தசாமிக்குத் தெரியும். திங்கட்கிழமை குத்திப் பார்த்தான். செவ்வாயும் பார்த்தான். புதன்கிழமை பார்க்கவில்லை. சீதா பெஞ்சைப் பற்றிச் சொன்னதை நினைத்துச் சிரித்துக்கொண்டே நேராகக் கோடாலியை எடுத்துவிட்டான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதற்காக வீரப்பன்மேல் இருந்த ஆத்திரம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. கூடத்தான் செய்தது.

பிடியை எரித்தான். தலையை வைத்துக்கொண்டான். சங்கத்தில் புதுக் கோடாலி வாங்கி, ஏழாம் எண்ணை விட்டுவிட்டு, காலியாக இருந்த பன்னிரண்டாம் ஆணியில் மாட்டினார்கள். பழையது திரும்பி வராததால் கந்தசாமியின் வில்லை ஏழிலேயே நின்றது. ஒரே வில்லைதான் என்பதால் அவனால் வேறு எந்தக் கருவியையும் எடுக்க முடியாது.

"போனது போச்சு, அந்தத் தலைய ஸ்டோர்ல போட்டுட்டு ஒன் வில்லைய எடுத்துக்க," என்று வீரப்பனே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும் கிராணி."

அவன் சங்கத்தை விடவில்லை. ஏறத்தாழ ஏழு வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தான். மூலையில் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் உளிகளைத் தீட்டிக் கொடுத்தான். தீட்டுவதற்கு வில்லை தேவையில்லை. முதலில் அவன் பக்கத்தில் உட்காரக் கூசியவர்கள், பிறகு அவன் தீட்டினால்தான் வாய் நிற்கிறது என்று தேடி வந்து கொடுத்தார்கள். அவன் கண் மட்டும் வீரப்பன் கைமேலேயே இருந்தது.

வீரப்பன் கருவிகளை உயிராக நினைத்தவர். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இழைப்புளியை எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்போல இருப்பார். சங்கராந்தி அன்றுகூட வீட்டில் உட்காராமல் உளிகளை எண்ணிக்கொண்டிருப்பவர். ஆனால் கை மட்டும் வராது. ஆப்பு சீவினால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். அடித்தால் பாதியில் உடையும். கூலிக்காரனிடம் போய் "இத சீவிக் குடுப்பா" என்று கேட்கக் கிராணிக்கு வாய் வராது. அதனால் ஊறப்போடுவார். சீதா செத்த பிறகும் போட்டார். மருந்தடிக்கும் மேட்டிலிருந்து பார்த்தால் கிராணி வீட்டுப் பின்கட்டும் மழைத்தண்ணீர்ப் பீப்பாயும் தெரியும். எழுபத்தேழில் ஒரு தரம் சுத்தியல். எழுபத்தொன்பதில் வாச்சி. பீப்பாய் விளிம்புக்கு மேலே பிடி நீட்டிக்கொண்டிருப்பதை, முதுகில் மருந்து டின்னோடு நின்று கந்தசாமி பார்த்தான். இரண்டு தடவையும் உளி தீட்டுகிற சாக்கில் ஸ்டோரில் இருந்து, யாருக்கும் தெரியாமல் அவனே ஆப்பு மாற்றிவிட்டான். வேறு யார் வீட்டிலும் சாவு விழுவதில் அவனுக்கு விருப்பமில்லை.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஷஹாபுதீன். தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். சனிக்கிழமை மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு சங்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். நல்ல கேலிக்காரர்.

"கையும் களவுமா பாத்துட்டியேப்பா, அப்பவே சட்டையப் புடிச்சிருக்க வேண்டியதுதானே?"

"சுத்தியல ஊறப்போட்டாருன்னு சொன்னா என்னா பாய் பண்ணுவாங்க? விதிப் புத்தகத்துல ஒரு தரம் எழுதுவாங்க. சீதாவுக்கு அது பத்தாது."

"வேற என்னா பத்தும் ஒனக்கு?"

கந்தசாமி உளியைத் திருப்பி மறுபக்கம் தீட்டத் தொடங்கினான். ஷஹாபுதீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஒரு முறை கேலி செய்யாமல் இருந்தார்.

எண்பத்தொன்று டிசம்பரில் சங்கத்துக்குப் பன்னிரண்டாவது ஆண்டு விழா வைத்தார்கள். வீரப்பன் அப்போது பெரிய கிராணி ஆகப்போகிறவர். விழாவுக்குத் துரை வருகிறார். வீரப்பன் மனைவி, கிராணியம்மா ருக்குமணி, பரிசு கொடுக்கிறார். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் ஒரு மரக்கட்டையை நடுவில் போட்டு, முதல் வெட்டைக் கருவிக் காப்பாளர் வெட்டுவது சங்கத்து வழக்கம்.

விழா வாரம் செவ்வாய்க்கிழமை கந்தசாமி பன்னிரண்டாம் ஆணிக் கோடாலியைத் தீட்டினான். தீட்டி முடித்து, ஆப்பைப் பாதிக்குமேல் பிடுங்கி நுனியை அறுத்துவிட்டு, பார்வைக்குப் பழையபடி இருக்குமாறு அமுக்கிவைத்தான். வியாழக்கிழமை வீரப்பன் விழாவுக்காக எல்லாக் கருவிகளையும் பார்த்தார். கோடாலி ஆடியது. பக்கத்திலேயே கந்தசாமி உட்கார்ந்திருந்தான். "தல ஆடுது, ஒரு ஆப்பு போட்டுர்றியா கந்தசாமி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கட்டும், கேட்டால் விட்டுவிடுகிறேன் என்றுகூட கந்தசாமி மனதில் ஓடியது. அவர் கேட்கவில்லை. தன் வில்லையைப் பன்னிரண்டில் மாட்டிவிட்டு, கோடாலியைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

மறுநாள் காலை மேட்டிலிருந்து பார்த்தபோது பீப்பாயில் பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடாலி ஆணிக்குத் திரும்பியது. ஷஹாபுதீன் வந்து, வீரப்பன் வில்லைக்கு மேல் தன் வில்லையை மாட்டி அதை எடுத்து கந்தசாமியிடம் கொடுத்தார். கந்தசாமி அதை அடுப்படிக்குக் கொண்டுபோய், பழைய கூட்டாளி ஒருவனிடம் சொல்லி, அடுப்பு வாய்க்குப் பக்கத்தில் சாத்திவைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலைவரை அது அங்கேயே இருந்தது.

அடுப்படியில் இன்னொரு வேலையும் அவனுக்கு இருந்தது. மடக்கு அளவுகோலை விரித்து, வெட்டுக்கட்டையிலிருந்து சீதா நின்ற படிவரை அளந்தான். பதினோரு அடி.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்கு முன்னால் இருந்த வெளியில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலி போடும் வேலையை கந்தசாமி கேட்டு வாங்கியிருந்தான். துரைக்கும் மற்றவர்களுக்கும் மரத்துக்குப் பக்கவாட்டில் போட்டான். கிராணியம்மாவின் நாற்காலியை மட்டும், பரிசு மேசையோடு, மரத்துக்கு நேர் எதிரே போட்டான். பதினோரு அடியில்.

"கிராணியம்மாவுக்கு முதல் மரியாதையா?" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். ருக்குமணியும் சிரித்தார். நல்ல மனுஷி. சீதா செத்தபோது மூன்று நாள் லயத்துக்குச் சோறு அனுப்பியவர். கந்தசாமி அதை மறக்கவில்லை. நாற்காலியை நகர்த்தவும் இல்லை.

ஷஹாபுதீன் ஸ்டோர்ச் சுவரில் பன்னிரண்டாம் ஆணிக்குக் கீழே முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அந்த ஆணியில் இரண்டு வில்லைகள் தொங்கின. அவர் நகர்வதாக இல்லை.

பேச்சுகள் முடிந்தன. வீரப்பன் எழுந்து வந்தார். கந்தசாமி கோடாலியை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

வீரப்பன் அதை வாங்கினார். பிடி உலர்ந்து, இன்னும் இளஞ்சூடாக இருந்தது. அவர் கை அதை உணர்ந்தது முகத்தில் தெரிந்தது.

"இது எங்க இருந்திச்சு?"

"அடுப்படியில கிராணி. ரெண்டு நாளா."

வீரப்பன் மரத்தைப் பார்த்தார். மரத்துக்கு அப்பால் ருக்குமணியைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. மலையில் டிசம்பர் மாதத்தில் யாருக்கும் அப்படி வேர்க்காது.

"கை ஒரு மாதிரி சுளுக்கிக்கிச்சு. வேற யாராச்சும்..."

"கிராணிக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் கோடாலி புடிச்சுப் பழக்கமில்ல போல," என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"குடுங்க. நான் வெட்டுறேன்," என்றான் கந்தசாமி.

அவன் கோடாலியை ஓங்கி ஏறத்தாழ ஏழு வருடம் ஆகியிருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு அடங்கியது. கிராணி கையிலிருந்து கோடாலியை வாங்கிக்கொண்டு மரத்துக்கு முன்னால் வந்து காலை அகட்டி நின்றான்.

"ருக்கு, இந்தப் பக்கம் வா," என்றார் வீரப்பன்.

"எதுக்கு? இங்கதான் நல்லா தெரியுது."

"வான்னா வா!"

"கிராணியம்மா அங்கயே இருக்கட்டும்," என்றான் கந்தசாமி. அவன் குரல் உயரவே இல்லை. "சீதா அங்கதான் நின்னா. அவளுக்கும் நல்லா தெரிஞ்சிச்சு."

கோடாலியை ஓங்கினான்.

அந்த உச்சியில் அது எவ்வளவு நேரம் நின்றது என்று பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கந்தசாமிக்குத் தெரிந்தது ஒன்றுதான். தலைக்கு மேலே இரும்பு லேசாக அசைந்தது. ஒரு நூல் அளவுக்கு. அதை அவன் உள்ளங்கை கேட்டது.

"வேணாம்! வேணாம்டா! ஊறப்போட்டது! அது ஊறப்போட்டது, கழண்டுரும்!"

வீரப்பன் ஓடி வந்து மனைவியின் நாற்காலிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். கந்தசாமி கோடாலியை மெதுவாக இறக்கினான். தலைகீழாகப் பிடித்து, பிடியின் அடியை மரத்தில் ஒரு தரம் குத்தினான். தலை கழன்று புல்லில் விழுந்தது.

"யாரு ஊறப்போட்டது கிராணி?"

கந்தசாமி ஸ்டோர்ச் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"பாய், ஆணியில யாரு வில்ல இருக்கு?"

"மேல இருக்கிறது என்னோடது. அடியில கிராணியோடது. எல்லாரும் வந்து பாத்துக்கலாம். நான் காலையிலேர்ந்து நகரல."

"நான்தான்," என்றார் வீரப்பன்.

"அன்னிக்கு?"

துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ருக்குமணி புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கும் நான்தான். அவ செத்துட்டான்னு கேட்டதும் ஓடிப் போயி வில்லைய எடுத்துட்டேன். ஆப்பு அடிக்க வரலன்னு யார்கிட்டயும் சொல்ல முடியலடா. நீ குத்திப் பாப்பன்னு நெனச்சேன். கந்தசாமி, நான் ஒன் கால்ல..."

"கால்ல எல்லாம் விழ வேணாம். ஒங்க வில்லைய எடுத்துக்கிட்டு வாங்க."

எல்லாரும் பார்க்க, வீரப்பன் பன்னிரண்டாம் ஆணியிலிருந்து தன் வில்லையை எடுத்தார். ஏழாம் ஆணியிலிருந்து கந்தசாமி தன்னுடையதை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். வீரப்பன் மாட்டினார். அதற்கு மேல் கந்தசாமி மாட்டினான். அந்தத் திங்கட்கிழமை காலையில் இருந்தபடி.

போலீஸ் அந்தக் கேஸைத் திரும்பத் திறக்கவில்லை. பெரிய கிராணி வேலை மட்டும் வேறு ஒருவருக்குப் போனது. கந்தசாமியைத் திரும்ப அடுப்படிக்கே போடுவதாகத் துரை சொன்னார். அவன் வேண்டாம் என்றான். ஆனால் கிராணியை வாட்டியது அதுவெல்லாம் இல்லை. சங்கத்து வழக்கப்படி பழைய கோடாலி திரும்பி வந்தால்தான் வில்லையை எடுக்கலாம். கையில் வில்லை இல்லாதவன் கருவியை எடுக்க முடியாது. காப்பாளர் பதவியை விட்டுவிட்டு, சாதாரண உறுப்பினராகச் சனிக்கிழமைகளில் வந்து, மற்றவர்கள் இழைப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டுப் போவார். எண்ணெய்த் துணியைக்கூட யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, தரையில் கிடந்த இழைப்புச் சுருள் ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை கந்தசாமி பார்த்தான். அவனுக்கு இரக்கம் வரவில்லை. அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான்.

மூன்று நான்கு தடவை வீரப்பன் லயத்துக்கே வந்தார்.

"அந்தத் தலையக் குடுத்துரு கந்தசாமி. வேணும்னா சங்கத்துலேர்ந்தே வெலகிர்றேன். வில்லைய மட்டும் எடுத்துக்கிறேன்."

"இன்னும் வேலையில இருக்கு கிராணி. முடிஞ்சதும் கொண்டாந்து மாட்டிர்றேன்."

எண்பத்தாறில் அவர் ஓய்வு பெற்று, ஈப்போவில் மகன் வீட்டுக்குக் கிளம்பினார். சாமான்கள் லோரியில் ஏறிய அன்று ருக்குமணி மட்டும் தனியாக லயத்துப் படியேறி வந்தார். கந்தசாமி எழுந்து நின்றான். அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அவரு ராத்திரியில எழுந்து ஆணி ஆணின்னு பொலம்புறாரு."

கந்தசாமி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

"நான் வில்லைக்காக வரல. ஒன்னு கேக்கணும். அஞ்சு வருசமா கேக்கணும்னு இருக்கேன். அன்னிக்கு அவரு வாயத் தொறக்கலன்னா, நீ எறக்கியிருப்பியா?"

எத்தனையோ நாள் அவனே தன்னிடம் கேட்டுக்கொண்ட கேள்விதான். ஓங்கிய கையோடு நின்ற நேரத்தில் எதிரே இருந்தது ருக்குமணியா, சீதாவா, யாருமே இல்லையா என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. சோறு கொடுத்தனுப்பிய கைக்குப் பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"ஆமாம்மா."

ருக்குமணி தலையை ஆட்டினார். எழுந்திருக்கக் கையை ஊன்றியபோது பெஞ்சுக்குக் கீழே கண் போனது. பள்ளத்துப் பக்கக் காலுக்கு அடியில், இரண்டு விரல் குட்டைக்கு ஈடாக, துருப்பிடித்த கோடாலித் தலை ஒன்று படுத்தவாக்கில் கிடந்தது. பெஞ்சு அதன்மேல் அசையாமல் நின்றது. அவர் அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.

அடுத்த வருடமே சங்கம் கலைந்தது. பாதிப் பேர் எஸ்டேட்டை விட்டுப் போய்விட்டார்கள். கருவிகளை யார் யாரோ எடுத்துப் போனார்கள். பழைய ஸ்டோரில் இப்போது உரமூட்டை அடுக்குகிறார்கள். மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஆணிகள் காலியாக நிற்கின்றன, ஏழாவதைத் தவிர. அதில் இரண்டு வில்லைகள் தொங்குகின்றன. அடியில் இருப்பது வீரப்பனுடையது.